மார்கழிப் பனியும் அடியார் உடல்நலமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

மாதங்களுள் தான் மார்கழியாக இருப்பதாகக் கண்ணன் எம்பெருமான் கீதையின் 10ஆம் அத்தியாயத்தில் அர்ஜுனனுக்கு அருளிச்செய்தான். தேவர்களுக்கு விடியற்காலமாகிய இம்மாதத்தில்தான் திருப்பாவை 30 பாசுரங்களும் திவ்யதேசங்கள்தோறும் ஒலிக்கின்றன; பகல்பத்தும் இராப்பத்தும் நடைபெறுகின்றன; பரமபத வாசல் திறக்கின்றது. நெடுந்தொலைவிலிருந்து அடியார்கள் குடும்பத்தோடு வந்து, முன்னிரவிலேயே மதிலோரம் இடம் பிடித்து, விடியலில் ஸேவித்து உய்கின்றனர்.

தமிழர் வகுத்த ஆறு பருவங்களுள் மார்கழியும் தையும் முன்பனிக்காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். ஐப்பசி, கார்த்திகையின் அடைமழையில் ஊறிய மண் ஈரம் காயாதிருக்க, அதன்மேல் பனி இறங்கும் வேளை இது. சளி, இருமல், காய்ச்சல், மூச்சிரைப்பு, மூட்டுவலி ஆகியவை வீடுதோறும் தலைகாட்டுகின்றன. அதே வேளையில்தான் வைகறை நீராட்டமும், உபவாஸமும், கண்விழிப்பும் சேர்ந்து வருகின்றன. பனியையும் குளிரையும் பொருட்படுத்தாத பக்தி போற்றத்தக்கதே. ஆயினும், "பெருமாள் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி, எழுபது வயது மூதாட்டி காய்ச்சலோடு ஆற்றில் மூழ்குவதும், சர்க்கரை நோயுள்ளவர் மருந்தை மட்டும் விழுங்கிவிட்டு நாள் முழுதும் பட்டினி கிடப்பதும் பக்தியாகுமா? உடலைப் பேணுவது நம்பிக்கைக் குறைவா, அல்லது அதுவும் ஒரு கைங்கர்யமா? இவ்வினாவுக்கு விடை திவ்யதேசத்து வழக்கங்களிலேயே கிடைக்கின்றது.

பெருமாளுக்கும் போர்வை

கார்த்திகை மாதத்துச் சுக்லபக்ஷ ஏகாதசியைக் கைசிக ஏகாதசி என்பர். திருக்குறுங்குடி நம்பியைப் பாடித் துதித்த நம்பாடுவானின் வரலாறு அன்று வாசிக்கப்படுகிறது. திருவரங்கத்தில் அவ்வேகாதசியன்று நம்பெருமாளுக்கு ஆண்டின் நாட்களுக்கு ஈடாக 365 வஸ்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாற்றப்படுகின்றன. பனிக்காலம் தொடங்கும் நாளில் பெருமாள் திருமேனிக்குக் குளிர் ஆகாதே என்ற அடியவர்களின் கவலையையும் அதில் காணலாம்.

வடக்கே, பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய வதரியாச்சிரமம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,100 மீட்டர் உயரத்தில் அமைந்தது. ஐப்பசி, கார்த்திகையில் கடும்பனி தொடங்கும்போது அங்கே திருக்கதவம் அடைக்கப்படுகிறது. அடைக்கும் நாளில், அருகிலுள்ள மானா கிராமத்துப் பெண்கள் நெய்துகொடுத்த கம்பளத்தை நெய்யில் தோய்த்துப் பத்ரிநாதனுக்குச் சாற்றுகின்றனர். சித்திரை, வைகாசியில் கதவம் திறக்கும்வரை எம்பெருமான் அப்போர்வைக்குள் எழுந்தருளியிருக்கிறான். பனி மலையில் ஊர் மக்களும் தங்குவதில்லை. கீழிறங்கிச் சென்று, வெயில் வந்தபின் திரும்புகின்றனர். எதிர்த்து நிற்க இயலாத பருவத்துக்கு இசைந்து ஒதுங்குவதும் அங்கே வழிபாட்டு முறையாகவே இருக்கிறது.

திருக்கச்சி நம்பிகளின் வரலாறும் அடியார் அறிந்ததே. அவர் திருவரங்கத்தில் திருவாலவட்டம் வீசச் சென்றபோது, காவிரியின் குளிர்ச்சி போதும் என்று பெருமாள் திருவுள்ளமாயிற்று. திருவேங்கடத்தில் மலையின் குளிர்ச்சி போதும் என்றாயிற்று. வேள்வித்தீயினின்று தோன்றிய காஞ்சிப் பேரருளாளனோ அவரது கைங்கர்யத்தை உவந்து ஏற்றுக்கொண்டான் என்பர் பெரியோர். குளிர்ந்த இடத்தில் விசிறுவது பணிவிடை ஆகாது. வெம்மையுள்ள இடத்தில்தான் அது பணிவிடை. இடமும் காலமும் அறிந்து செய்வதே கைங்கர்யம் என்பது இதனால் விளங்கும். அடியார் தம் உடலுக்குச் செய்யும் உபசாரமும் அவ்வாறே காலம் அறிந்து அமைய வேண்டும்.

இவ்வுடல் யாருடையது?

எம்பெருமானார் திருவரங்கத்தில் எழுந்தருளியிருந்த காலத்தில், அவர் மாதுகரமாக ஏற்ற பிக்ஷையில் நஞ்சு கலக்கப்பட்டது. அதை அறிந்து அவர் உண்ணாது உபவாஸமிருந்தார். செய்தி கேட்ட ஆசார்யரான திருக்கோஷ்டியூர் நம்பி திருவரங்கம் நோக்கி எழுந்தருளினார். எதிர்கொள்ளச் சென்ற உடையவர் நடுப்பகலில் காவிரிக்கரைச் சுடுமணலில் தெண்டனிட்டுக் கிடந்தார். நம்பியோ எழுந்திருக்கச் சொல்லாமல் நின்றார். பொறுக்கமாட்டாத கிடாம்பி ஆச்சான் உடையவரை வாரியெடுத்துத் தம்மேல் தாங்கிக்கொண்டு, ஆசார்யரும் சீடரும் இப்படியும் செய்வதோ என்று மனம் நொந்து வினவினார். அப்போதுதான் நம்பி தம் திருவுள்ளத்தை வெளியிட்டார். உடையவர் திருமேனியில் இத்தனை பரிவுடையவர் யார் என்று தேடியதாகவும், இனி அவருக்கு அமுது சமைக்கும் பொறுப்பு ஆச்சானுடையதே என்றும் நியமித்தார்.

நம்பி அங்கே உடையவருடைய ஞானத்தையோ பக்தியையோ சோதிக்கவில்லை. அவர் உடலைக் காப்பவர் யார் என்பதையே சோதித்தார். ஆச்சானும் வைகுந்தத்தைக் குறித்துப் பேசவில்லை. சுடுமணலைக் குறித்தே பேசினார். அந்தப் பரிவே அவரை மடைப்பள்ளிக் கைங்கர்யத்துக்கு உரியவராக்கியது. 1017ஆம் ஆண்டு அவதரித்த உடையவர் 120 திருநக்ஷத்திரம் எழுந்தருளியிருந்து ஸம்ப்ரதாயத்தை நிலைநாட்டினார் என்று குருபரம்பரை கூறுகிறது. அதற்குத் துணைநின்ற கைகளில் உணவு சமைத்த கைகளும் உண்டு.

சேதனன் எம்பெருமானுக்குச் சேஷன், அவன் சொத்து. ஆத்மாவும் அதைத் தாங்கும் உடலும் அவனுடையவை என்றால், உடலை அலட்சியப்படுத்துவது பிறர் பொருளைப் பாழாக்குவதாகும். அதனை அளவுமீறிச் சீராட்டுவது பிறர் பொருளைத் தனதென்று கொண்டாடுவதாகும். இரண்டும் தகாதவை. மிகுதியாக உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும், மிகுதியாக உறங்குபவனுக்கும் உறங்காதே விழித்திருப்பவனுக்கும் யோகம் கைகூடாது என்பது கீதை 6ஆம் அத்தியாயத்தின் கருத்து. பனிக்கால ஒழுக்கங்கள் அனைத்தும் இந்த நடுநிலையில் அடங்கும்.

நீராட்டம்

வைகறையில் துயிலெழுந்து நீராடுவது மார்கழியின் முதல் ஒழுக்கம். உடல்வலிவுள்ளவர் குளிர்ந்த நீரில் நீராடுவதில் குறையில்லை. ஆனால் திடீரெனக் குளிர்ந்த நீர் மேலே விழும்போது இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இரத்த அழுத்தம் உயர்கின்றது. இதயம் கூடுதலாக உழைக்கின்றது. இதயநோய், இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்களும், முதியவர்களும், குழந்தைகளும் வெதுவெதுப்பான நீரிலேயே நீராடுதல் நலம். இருளில் வழுக்கும் படித்துறைகளில் தனியே இறங்குதல் கூடாது.

நோயுற்றவருக்குச் சாஸ்திரம் எளிய வழிகளை முன்பே வகுத்துள்ளது. மந்திரத்தால் நீரைத் தெளித்துக்கொள்வதும், எம்பெருமானை மனத்தில் தியானிக்கும் மாநஸ ஸ்நானமும் ஸ்நான வகைகளில் எண்ணப்பட்டவையே. காய்ச்சலுள்ள மூதாட்டியிடம் வெந்நீர் வைத்துக்கொடுத்து, "இதுவும் மார்கழி நீராட்டந்தான், பாட்டி" என்று பேரப்பிள்ளை சொல்வதில் ஆசாரக் குறைவு எதுவுமில்லை.

நீராடிய பின் ஈரத்தலையோடு பனியில் நிற்றலாகாது. தலையையும் காதுகளையும் உலர்ந்த துணியால் மூடிக்கொண்டு புறப்பட வேண்டும். குளிரில் வறண்டு வெடிக்கும் தோலுக்கு எண்ணெய் துணை. ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழி நீராட்டு உத்ஸவத்தின்போது ஆண்டாளுக்கு எண்ணெய்க் காப்பு நடைபெறுகிறது. நல்லெண்ணெயோடு மூலிகைகள் பல சேர்த்துக் காய்ச்சிய தைலம் அதற்காகவே தயாராகிறது. நாச்சியாருக்குச் செய்யும் அவ்வுபசாரத்தை நினைத்து, வீட்டிலும் நீராடிய பின் கைகால்களுக்குச் சிறிது எண்ணெய் தடவிக்கொள்வது நன்று. பாதவெடிப்பு உள்ளவர்களுக்கும், சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் இது மிகவும் அவசியம். அத்தகையோர் கோயில் பிரகாரத்தில் வெறுங்காலோடு நடந்து வந்தபின் பாதங்களைக் கழுவி, ஈரம் துடைத்து, கீறல் உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

உணவும் உபவாஸமும்

திருப்பாவையின் 2ஆம் பாசுரத்தில் நெய்யையும் பாலையும் விலக்கிய ஆய்ச்சியர், 27ஆம் பாசுரத்தில் நெய் நிறைந்த பாற்சோற்றைக் கண்ணனோடு ஒன்றாக அமர்ந்து உண்ண விழைகின்றனர். விலக்குவதற்கு ஒரு காலம், ஏற்பதற்கு ஒரு காலம் என்பது நோன்பின் முறை. உடல் தாங்கும் அளவில் விலக்கி, உரிய நாளில் உவந்து ஏற்பதே அதன் அழகு.

மார்கழியில் கோயில்தோறும் விடியலில் கிடைக்கும் வெண்பொங்கலை எண்ணிப் பார்க்கலாம். அரிசியும் பயற்றம்பருப்பும் பசியாற்றும். மிளகும் சீரகமும் இஞ்சியும் செரிமானத்துக்கு உதவும். நெய் குளிரில் வலிவு தரும். காஞ்சிப் பேரருளாளன் கோயில் இட்டலியிலும் சுக்கு, மிளகு, சீரகம் சேர்கின்றன. சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் திரிகடுகம் பாட்டிமார் அஞ்சறைப்பெட்டியின் பழைய மருந்து. தொண்டைக்கு இதமும், மூக்கடைப்புக்குச் சிறிது தளர்ச்சியும் தருவன இவை. ஆயினும் இவற்றால் நுண்கிருமி அழிந்துவிடும் என்று எண்ணி மருத்துவரிடம் செல்லாதிருத்தல் தவறு.

குளிர்காலத்தில் தாகம் தெரியாது. அதனால் பலர் நாள் முழுதும் போதிய தண்ணீர் அருந்துவதில்லை; தலைவலியும் மலச்சிக்கலும் சோர்வும் பின்தொடர்கின்றன. காய்ச்சி ஆறவைத்த நீரை, தாகம் இல்லாவிடினும் வேளைதோறும் அருந்த வேண்டும். மழைக்குப்பின் கிணறுகளிலும் குழாய்களிலும் அழுக்கு நீர் கலக்கும் வாய்ப்பு உண்டாதலால், யாத்திரையில் இது இரட்டிப்பு அவசியம்.

ஏகாதசி உபவாஸம் எட்டு வயதுக்கு மேல் எண்பது வயதுக்குள் உள்ளோருக்கே விதிக்கப்பட்டது என்பது வழக்கு. நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலும் பழமும் ஏற்கத்தக்கவை. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு உண்ணாதிருந்தால், இரத்தத்தில் சர்க்கரை அளவு திடீரெனத் தாழ்ந்து, வியர்த்து, நடுங்கி, நினைவு தவறவும் கூடும். அத்தகையோர் முன்னதாகவே மருத்துவரைக் கலந்துகொண்டு, கையில் சிறிது வெல்லமோ சர்க்கரையோ வைத்திருத்தல் வேண்டும். துவாதசிப் பாரணையில் சேரும் நெல்லிக்காய், அகத்திக்கீரை, சுண்டைக்காய் ஆகியவற்றை அன்றைக்கு மட்டும் என்று ஒதுக்காமல், பனிக்காலத்தில் காய்கறி, கீரை, பழங்களை நாள்தோறும் உணவில் சேர்த்துக்கொள்வது உடலுக்கு உரம்.

கூட்டமும் காற்றும்

சளியும் காய்ச்சலும் குளிரால் மட்டும் தோன்றுவன அல்ல, நுண்கிருமிகளால் வருவன. குளிருக்கு அஞ்சிக் கதவும் சன்னலும் அடைத்த அறையில் பலர் சேர்ந்து தங்கும்போது, ஒருவர் இருமலும் தும்மலும் மற்றவரைப் பற்றுகின்றன. தங்குமிடங்களில் ஒரு சன்னலையேனும் திறந்து வைத்து, போர்வையைக் கூட்டிக்கொள்வது மேல். குளிர் காயக் கரியடுப்பை மூட்டி, அறையை அடைத்துக்கொண்டு உறங்குவது பேராபத்து. அதிலிருந்து எழும் நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர் அறியாமலேயே உயிர் பிரியும். மலைத்தலங்களுக்குச் செல்வோர் இதை ஒருபோதும் மறத்தலாகாது.

தீர்த்தமும் சடாரியும் பெறுமுன் கைகால் சுத்தி செய்வது முன்னோர் ஆசாரம். வெளியிலிருந்து வந்ததும், உண்ணுமுன்னும் சோப்பு இட்டு இருபது விநாடியேனும் கைகழுவினால் பல நோய்கள் வாசலோடு நின்றுவிடும். இருமும்போது வாயை மேல்வஸ்திரத்தாலோ முழங்கை மடிப்பாலோ மறைத்துக்கொள்ள வேண்டும். காய்ச்சல் உள்ளவர் கூட்டத்தைத் தவிர்த்து வீட்டிலிருந்தே ஸேவிப்பது, உடன் நிற்கும் பாகவதர்களுக்குச் செய்யும் பேருபகாரம். 2020ஆம் ஆண்டு கொரோனா பரவியபோது, திருவாராதனம் உள்ளே குறைவின்றி நடக்க, அடியார்கள் மாதக்கணக்கில் வீட்டிலிருந்தபடியே பெருமாளை நினைந்தனர். அதனால் ஒருவருடைய பக்தியும் குறைந்துவிடவில்லை. பாகவதர்க்குத் தீங்கு நேராமல் ஒதுங்கி நிற்பதும் வழிபாடே என்பதை அக்காலம் உணர்த்திற்று.

விடியற்பனி ஆஸ்துமா உள்ளோர்க்கு ஆகாது. அவர்கள் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, உறிஞ்சு மருந்தை மடியில் வைத்துக்கொண்டே வரிசையில் நிற்க வேண்டும். போகியன்று ரப்பரும் பிளாஸ்டிக்கும் கொளுத்துவதால் எழும் நச்சுப்புகை பனியோடு சேர்ந்து தாழவே தங்கிவிடுகின்றது. பழையன கழிதல் என்பது அயலார் மூச்சைக் கெடுப்பதாகலாகாது. மழைநீர் தேங்கிய தொட்டிகளிலும் தேங்காய் ஓடுகளிலும் வளர்ந்து, பகலில் கடிக்கும் கொசுக்களே டெங்குக் காய்ச்சலைப் பரப்புகின்றன. கோலமிட வாசலைத் தெளிக்கும் வேளையிலேயே, கொல்லையில் தேங்கிய நீரையும் கொட்டிவிடுவது நல்ல வழக்கம்.

வெயில் ஏறியபின் சிறிது நேரம் திறந்தவெளியில் நடப்பது எலும்புக்கும் மனத்துக்கும் நலம். போர்த்திக்கொண்டு ஒரு மூலையில் அமர்ந்தே இருப்பின் மூட்டுகள் மேலும் இறுகும். கோயிலை மெல்ல வலம்வருவது முதியோருக்கு ஏற்ற உடற்பயிற்சி. வைகறையில் எழ வேண்டுமெனில் முன்னிரவிலேயே உறங்க வேண்டும். இரவெல்லாம் கதைபேசி விழித்து, விடியலில் எழுவது உடலை ஏமாற்றுவதாகும்.

கோயிலும் ஆதுலசாலையும்

மருந்துண்பது நம்பிக்கைக் குறைவு என்று ஐயுறுவோர் திருமுக்கூடலை நினைக்க வேண்டும். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் அவ்வூரில், இன்று வேங்கடேசப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் திருக்கோயிலின் கல்வெட்டு, 11ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் பொறிக்கப்பட்டது. அக்கோயிலைச் சார்ந்து வேதபாடசாலையும், மாணாக்கர் விடுதியும், வீரசோழன் என்னும் பெயருடைய ஆதுலசாலையும் நடந்தன என்று அது தெரிவிக்கின்றது. ஆதுலசாலையில் 15 படுக்கைகள். நாடிபார்க்கும் மருத்துவர், சல்லியக்கிரியை செய்பவர், மூலிகை கொணர்வோர், நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யும் பெண்கள் என அனைவருக்கும் படி வகுக்கப்பட்டிருந்தது. ஓராண்டுக்கு வேண்டிய மருந்துகளின் பெயர்களும் அளவுகளும்கூடக் கல்லில் உள்ளன. மாணாக்கர் சனிக்கிழமைகளில் தேய்த்து நீராட எண்ணெய்க்கும் அங்கே ஏற்பாடு இருந்தது. திருவரங்கத்திலும் தந்வந்திரி ஸந்நிதி உண்டு. ஆரோக்கியசாலையைக் குறித்த கல்வெட்டுச் சான்றும் உண்டு. வேதம் ஓதுவதையும் விளக்கேற்றுவதையும் போலவே நோயாளிக்கு மருந்து கொடுப்பதையும் முன்னோர் கோயில் காரியமாகவே கருதினர்.

ஆகவே மூன்று நாட்களுக்கு மேல் காய்ச்சல் நீடித்தாலும், மூச்சுத் திணறினாலும், நெஞ்சில் இறுக்கமோ இடக்கையில் வலியோ தோன்றினாலும், குழந்தை பால் குடிக்க மறுத்து வேகமாக மூச்சுவிட்டாலும், காலம் தாழ்த்தாமல் மருத்துவரை நாட வேண்டும். நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் ஒரு நாழிகைகூடப் பொறுக்கத்தக்கவை அல்ல. வரிசையில் நிற்கும்போது இவை தோன்றினால், இடம் போய்விடுமே என்று அடக்கிக்கொள்ளாமல் அருகிலுள்ளவரிடம் உடனே சொல்ல வேண்டும். அருகிலுள்ளவரும் அவரை முன்னே விட்டு, உதவிக்கு ஆளழைப்பது கடமை. நாள்தோறும் உண்ணும் மருந்துகளை யாத்திரையில் மறந்துவிடாமல், இரண்டு நாளுக்குக் கூடுதலாகவே எடுத்துவர வேண்டும். முதியோரும், இதயநோய், நுரையீரல் நோய் உள்ளோரும் இன்ஃப்ளுயன்சா தடுப்பூசியைக் குறித்து மருத்துவரிடம் கேட்டறிந்து, பருவம் தொடங்குமுன் போட்டுக்கொள்வது நலம்.

சுடுமணலில் கிடந்த உடையவரைக் கிடாம்பி ஆச்சான் தாங்கினார். பனியில் நடுங்கும் முதியவருக்குத் தன் போர்வையைக் கொடுப்பவரும், வரிசையில் நிற்க இயலாதவருக்கு ஒரு பலகை தேடித் தருபவரும், இருமும் குழந்தைக்கு வெந்நீர் கேட்டு வாங்கி வருபவரும் செய்வது ஆச்சான் செய்த அதே கைங்கர்யந்தான். பரமபத வாசலைக் கடந்து வெளிவரும் ஒவ்வொரு சேவார்த்தியும் நலமாக வீடு திரும்பி, வரும் மார்கழியிலும் அதே வாசலில் வந்து நிற்க வேண்டும் என்பதே எம்பெருமான் திருவுள்ளம். அத்திருவுள்ளத்துக்கு உடன்பட்டு, அடியார் தம் உடலையும் உடன்வந்தோர் உடலையும் அவன் சொத்தாகக் கருதிக் காப்பார்களாக.

ஸர்வே ஜனா: ஸுகினோ பவந்து.

சுபம்